மீட்டரோடு வந்த மருமகன்

போன மாதம் அக்காவின் மகன் லீவுக்குத் திருகோணமலை, உப்புவெளியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கிளிநொச்சியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிறான். பையில் சின்ன மீட்டர் ஒன்று கொண்டுவந்தான். பிளக்கில் அதைச் செருகி, அதன்மேல் பொருளைச் செருகினால் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். அம்மா உடனே பிரிட்ஜைத்தான் காட்டினார், கரண்ட் பில் கூடினால் எங்கள் வீட்டில் எப்போதும் அதற்குத்தான் ஏச்சு விழும்.

ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தோம். மோட்டார் ஓய்வதே இல்லை. கதவு ரப்பருக்கு இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பார்க்கச் சொன்னான். இறுக்கமாகப் பிடிக்க வேண்டிய கடதாசி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது, அதாவது குளிர் முழுக்க வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ரப்பரை மாற்றினோம்.

அடுத்தது கூடத்துப் பழைய ஃபேன், 75 வாட். பி.எல்.டி.சி என்ற, குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்த ஃபேன் கிட்டத்தட்ட 30 வாட்டில் அதே காற்றைத் தரும். எங்கள் ஊர் வெக்கையில் ஃபேனை நிறுத்தவா முடியும், நாளுக்கு 15 மணித்தியாலம் ஓடுகிறது என்று வைத்தாலும் அந்த ஒன்றிலேயே மாதம் 20 யூனிட் மிச்சம். 20 யூனிட்தானே என்று நினைக்காதீர்கள். மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கட்டண வகை மாறிவிடும், 65, 70 என்று நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய காசு.

"மாமா, கூரையில சோலார் பேனல் போடுறது கடைசி வேலை. முதல்ல வீணாப்போறதை நிப்பாட்டுங்கோ" என்றான்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, இப்போது அங்கே 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் வருகிறது, நல்லது. யாழ் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை நோர்வேப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து சூரியக் கலங்களை ஆய்வு செய்கிறது, அதுவும் வேண்டியதுதான். ஆனால் எங்கள் ஒழுங்கைக்குள் அந்த அறிவு இன்னும் வரவில்லை. பேனல் விற்க வருபவர் எத்தனை கிலோவாட் வேண்டும் என்றுதான் கேட்கிறார், வேப்பமர நிழல் எத்தனை மணிக்குக் கூரையில் விழுகிறது என்று கேட்பதில்லை. கடல் காற்றில் கண்ணாடியில் உப்புப் படியும், கழுவ வேண்டும் என்றும் சொல்வதில்லை. இதையெல்லாம் விற்பனைக் கணக்கு இல்லாத ஒருவர் சொன்னால்தான் நம்பலாம், அதற்கு மாணவர்களை விடப் பொருத்தமானவர்கள் யார்? எங்கள் பக்கத்துக் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. பிரதேச சபையோடும் மாதர் சங்கங்களோடும் பேசி, ஒரு தெருவுக்கு நான்கு பிள்ளைகளை மீட்டரோடு அனுப்பினால் போதும். பிள்ளைகளுக்கு அது பாடம், எங்களுக்குப் பில் குறையும். தமிழில், வாசலில் நின்று, எங்கள் பொருளையே தொட்டுக் காட்டிச் சொல்ல வேண்டும், துண்டுப்பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனால் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

போகும்போது மீட்டரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். இப்போது அது பின் ஒழுங்கை மாமி வீட்டில், தண்ணீர் மோட்டாரில் செருகி இருக்கிறது.