வௌவால் எச்சத்தில் வைரஸ் தேடுவது

பர்மாவில் பா-ஆன் ஊர்ப் பக்கம் குகைகளில் வௌவால் எச்சத்தை உரத்துக்கு அள்ளுவது, அங்கே மோல்மேன் நகரத்திலிருக்கும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 2020இல் பர்மா வௌவால்களில் 6 புதிய கொரோனா வைரஸ்கள் பதிவாயின. கோவிட் வைரஸுக்கு எதுவும் நெருங்கிய சொந்தமில்லை, பயப்படாதீங்க.

வௌவாலைப் பிடிக்காமலே மாதிரி எடுக்கலாம். விடியுமுன், அவை தொங்கும் இடத்துக்கு அடியில் சுத்தமான பிளாஸ்டிக் தாள் விரித்து, அவை வந்து அடைந்ததும் ஈர எச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் எடுத்து, ஆர்.என்.ஏ.வை (வைரஸின் மரபுப் பொருள்) காக்கும் திரவமுள்ள குப்பியில் போட்டு உடனே திரவ நைட்ரஜனுக்குள். அதன்பின் மைனஸ் 80 டிகிரி. காய்ந்த எச்சம் வேண்டாம்: ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கும், வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை 'இல்லை' என்றாலும் நம்ப முடியாது. ஒரே தாளில் இரண்டு இனம் கழித்திருந்தால் இன்னும் தலைவலி, எச்சத்திலுள்ள டி.என்.ஏ.வை வைத்துத்தான் எந்த வௌவால் என்று பிரிக்கணும்.

என்95 மாஸ்க்கும் கையுறையும் இல்லாமல் உள்ளே போகவே கூடாது. அள்ளுறவங்களுக்கும் இதே பேச்சுதான்.