மோர்வ்ரானுக்கு என்ன ஆச்சு?

செப்டம்பர் 28

கதைசொல்லல் வகுப்பில் இந்தப் பருவம் முழுக்க ஒரே கதைதான்: வேல்ஸ் நாட்டுப் பழங்கதையான க்வியோன் பாக். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, எழுதிவைத்துப் படிக்காமல், வாய்மொழியாகவே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல சொல்கிறவரும் மாறுவார் என்பது ஆசிரியையின் நம்பிக்கை. எனக்குக் கொஞ்சம் சிரிப்புத்தான் வந்தது. சரி, பணம் கட்டியாயிற்று.

கதை இதுதான். பாலா ஊரை ஒட்டிய டெகிட் ஏரிப் பக்கம் கெரிட்வென் என்றொரு மந்திரக்காரி. மகள் அழகி. மகன் மோர்வ்ரானோ பார்க்கச் சகிக்காத முகம். இந்த முகத்தை வைத்துக்கொண்டு பெரிய மனிதர்கள் நடுவில் பிள்ளை எப்படிப் பிழைப்பான், அறிவாவது வரட்டும் என்று மூலிகை சேர்த்து ஒரு வருடமும் ஒரு நாளும் கொப்பரையில் காய்ச்சுகிறாள். கண் தெரியாத மோர்டா அடுப்பைப் பார்த்துக்கொள்ள, சிறுவன் க்வியோன் கிண்டுகிறான். மூன்று சொட்டு தெறித்து அவன் விரலில் விழ, சூடு தாங்காமல் வாயில் வைத்துக்கொள்கிறான். மொத்த ஞானமும் அந்த மூன்று சொட்டில்தான், மிச்சமெல்லாம் விஷம். அவன் ஓட, அவள் துரத்துகிறாள். அவன் முயலானால் அவள் வேட்டைநாய், மீனானால் நீர்நாய், பறவையானால் பருந்து. கடைசியில் அவன் கோதுமை மணியாக, அவள் கொண்டை வைத்த கருங்கோழியாகி விழுங்கிவிடுகிறாள். ஒன்பது மாதம் கழித்து அவனையே பெற்றெடுக்கிறாள். கொல்ல மனம் வராமல் தோல்பையில் கட்டிக் கடலில் விடுகிறாள். மீன்பொறியில் மாட்டி எல்ஃபின் என்பவன் கையில் கிடைக்கும் அந்தக் குழந்தைதான் பெருங்கவிஞன் டாலியெசின்.

அக்டோபர் 5

நினைத்தபடியே பாதிப் பேர் க்வியோனைக் கேட்டார்கள். மீதிப் பேருக்குக் கெரிட்வென். ஒருவர் தன் விவாகரத்தை முயல் கட்டம் என்றார். வேலையை விட்டது மீன் கட்டமாம். அவர் வலியைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கதையில் யாரும் மாறவேண்டும் என்று ஆசைப்பட்டு மாறவில்லையே! பின்னால் நாய் வருகிறது, அதனால் மீனாகிறான். நாய் வராமல் இருந்திருந்தால், எல்லாம் தெரிந்த அடுப்படிப் பையனாகவே காலம் தள்ளியிருப்பான்.

நான் மோர்வ்ரானை எடுத்துக்கொண்டேன். உலை வைத்ததே அவனுக்காக. சொட்டு வேறொருவன் வாய்க்குப் போனதும் கதை அவனை மறந்துவிடுகிறது. அலுவலகத்தில் எனக்கென்று சொல்லிவைத்திருந்த பொறுப்பு, என்னிடம் வேலை பழகியவருக்குப் போனது இந்த வருடம்தான். வேறு எந்தப் பாத்திரத்தைக் கேட்பேன்?

அக்டோபர் 12

இன்று ஒரு புதையல். நாங்கள் சொல்லும் வடிவம் பெரும்பாலும், 19ஆம் நூற்றாண்டில் சார்லட் கெஸ்ட் ஆங்கிலத்தில் கொண்டுவந்ததை ஒட்டியது. அதற்கு முன்னால் 16ஆம் நூற்றாண்டில் எலிஸ் க்ரிஃபித் இதே கதையைத் தன் பெரிய வரலாற்று ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார். வேல்ஸின் ஃப்ளின்ட்ஷயர்க்காரர், பிரான்ஸ் கரையிலுள்ள கலே கோட்டையில் ஆங்கிலேயப் படையில் சிப்பாயாக இருந்தவர். இதெல்லாம் அறிவுக்கு ஒவ்வாத கதை என்று அலுத்துக்கொண்டே, ஒன்று விடாமல் எழுதுகிறார். இப்படிப்பட்ட ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அவர் வடிவத்தில் சொட்டு தற்செயலாகத் தெறித்து விழவில்லை. சொட்டு விழும் இடத்தில் மகனை நிறுத்திவிட்டுக் கெரிட்வென் கண்ணயர்கிறாள். அந்த நேரம் பார்த்து க்வியோன் மோர்வ்ரானைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிற்கிறான். தள்ளிவிட்டு! படித்ததும் எழுந்து சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

வகுப்பில் சொன்னேன். க்வியோன்கள் யாருக்கும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 19

ரெக்ஸமிலிருந்து டி3 பேருந்தில் பாலா. டெகிட்தான் வேல்ஸின் மிகப் பெரிய இயற்கை ஏரி. பனியுக முடிவில் அகப்பட்டுக்கொண்ட க்வினியட் என்ற வெள்ளி நிற மீன் இயல்பாக வாழ்வது இங்கே மட்டும்தான். கண்ணில் படவில்லை, ஆழத்தில் இருக்குமாம்.

கரையோரமாக நடந்துகொண்டே மோர்வ்ரானாக உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அம்மா தூங்கும் இடம்வரை நன்றாக வந்தது. "அப்புறம் அவன் என்னை" என்று ஆரம்பித்ததும் என் வலது கை தானாக முன்னால் நீண்டு காற்றைத் தள்ளியது. தள்ளப்பட்டவன் நான், கையோ க்வியோனுடையது. நிறுத்தி மறுபடி சொன்னேன். மறுபடியும் அதே கை. நாய் கூட்டிவந்த பெண் ஒருவர் சற்று விலகிப் போனார்.

இப்போதைய வேலைக்கு நான் வந்தபோதும், எனக்கு முன்னால் வரிசையில் ஒருவர் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பேருந்தில் திரும்பி வரும்வரை நினைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்டோபர் 26

மோர்வ்ரான் காணாமல் போகவில்லை! குல்ஹுக்–ஓல்வென் என்ற இன்னும் பழைய கதையில், ஆர்தர் மன்னர் அவையினரின் நீண்ட பட்டியலில், டெகிட் (கெரிட்வெனின் கணவர் பெயரும் அதுதான்) மகன் மோர்வ்ரான் என்று ஒரு பெயர் வருகிறது. ஆர்தரின் கடைசிப் போரான காம்லனில் யாரும் அவன்மேல் ஆயுதம் ஓங்கவில்லை. அவ்வளவு அவலட்சணம், துணைக்கு வந்த பிசாசு என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கலைமானுக்குப் போல உடம்பெல்லாம் மயிராம். அடுத்த வரியிலேயே சாந்தெ என்பவனும் தப்புகிறான். அவன் அவ்வளவு அழகு, தேவதூதன் என்று நினைத்துக்கொண்டார்களாம். பட்டியல் போட்டவருக்கு நல்ல குறும்பு.

அம்மா எந்த முகத்துக்குப் பயந்து உலை வைத்தாளோ, அந்த முகமே காப்பாற்றியிருக்கிறது. இரண்டையும் ஒட்டி ஒரே கதையாகச் சொல்லப் போகிறேன். மூல ஏட்டில் அப்படி இல்லையே என்று யாராவது சொன்னால், சொல்லட்டும்.

அக்டோபர் 31

வேல்ஸில் இன்று, குளிர்காலம் பிறப்பதற்கு முந்தைய இரவு. வாலில்லாத கறுப்புப் பன்றி கடைசி ஆளைப் பிடித்துக்கொள்ளும் என்று பழைய நாளில் பிள்ளைகளை வீட்டுக்கு விரட்டும் இரவு. வகுப்பின் அரங்கேற்றமும் இன்றே.

தள்ளும் இடத்தில் கை நீண்டது, தடுக்கவில்லை. காம்லனுக்கு வந்தபோது பின்வரிசையில் ஒரு வெல்ஷ் முதியவர் குறுக்கிட்டார்: "யாருக்குத் துணைக்கு வந்த பிசாசு?" ஆர்தர் பக்கத்து ஆள்தான் என்றேன். "அப்படியென்றால் யாரும் ஆயுதம் ஓங்கவில்லை என்று ஏன் பெருமைப்படுகிறாய்? சொந்த ஆட்கள் ஓங்காதது என்ன அதிசயம்? எதிரிகள் விட்டதுதானே பெரிது?" கூடம் சிரித்தது. எனக்கும் பதில் வரவில்லை, தொடர்ந்து சொன்னேன்.

அடுத்த பருவத்துக்குப் பூக்களால் செய்த பெண் ப்ளோடெய்வெத்தின் கதையாம். எல்லோரும் ஆந்தையாக மாறும் அவளைத்தான் கேட்பார்கள். எனக்கு அவள் காதலன் க்ரோனு வேண்டும். அவள் கணவன் எறியப்போகும் ஈட்டிக்கும் தனக்கும் நடுவே ஒரு கல்லை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கிறானே, அவன். அனுமதி கிடைக்கிறது. ஈட்டி கல்லையும் துளைத்துவிடுகிறது.