தினைத்தாளும் மடையான் காலும்: இதுவரை 62 நாள்

குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகை, அதாவது கொக்கு இனப் பறவையை, நிறுத்தி வைத்திருக்கிறார். 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால' (தினையின் தண்டு போலச் சிறிய பச்சைக் கால்) என்று அதன் காலைச் சொல்கிறார். ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அதுதான், தலைவன் தலைவியோடு கூடிய நாளுக்கு இருந்த ஒரே சாட்சி. கொக்கு தெரியும், தினைப்பொங்கலும் தின்றாயிற்று, தினைத்தாளை மட்டும் நான் பார்த்ததே இல்லை. சரி, வளர்த்துத்தான் பார்ப்போமே என்று மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வைத்தேன்.

ஆரம்பமே சொதப்பல். மளிகைக்கடைத் தினையரிசியைத் தூவிவிட்டு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றினேன், உமி நீக்கியது எங்கே முளைக்கும்! அப்புறம் லவ் பேர்ட்ஸுக்குப் போடுகிற, உமியோடு இருக்கும் தினையை வாங்கிப் போட்டேன். ஐந்தாம் நாளே பச்சை தெரிந்தது. (நாள் கணக்கு அதிலிருந்துதான்.) மூன்று வாரம் வரை எல்லாம் இலைதான்.

அதற்குள் கண்மாயில் கொக்கு தேடல். சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள், ஆக அது இல்லை. மடையான் என்கிற குருட்டுக்கொக்குக்குத்தான் மங்கலான மஞ்சள்பச்சைக் கால். மண்ணோடு மண்ணாக நிற்கும், கொஞ்சம் கிட்டப் போனால் எழும்பிவிடும், அப்போதுதான் இறக்கை முழுக்க வெள்ளை என்றே தெரியும்.

43-ஆம் நாள் ஒரு தாளை ஒடித்து, இலையுறையை உரித்து, கரைக்கு எடுத்துப்போய்க் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். நிறம் ஏறக்குறைய அதேதான். நான் எதிர்பார்க்காதது கணு. தாளின் நடுவே லேசாகப் புடைத்திருந்தது, மடையான் கால் மடங்கும் இடமும் அப்படியே. இத்தனை வருடம் நிறத்துக்காகச் சொன்ன உவமை என்றே நினைத்திருந்தேன்.

இன்னொன்று: பாட்டில் அலகு இல்லை, இறகு இல்லை, கால்தான் இருக்கிறது. பாட்டைச் சொல்கிற தலைவி அன்று குனிந்த தலை நிமிரவில்லையோ? இது என் ஊகம், உரையில் தேட வேண்டாம்.

கூடவே தினம் ஒரு வரி, 'போல' வராமல், நோட்டில் எழுதுகிறேன். பத்தொன்பதில் பதினேழை அடித்தாயிற்று. தப்பியதில் ஒன்று: 'மடையான் அசையவில்லை, காலைச் சுற்றி நீர் வளையம்.'

இப்போது கதிர் பால்பிடிக்கிறது, சில்லைகள் (தானியம் தின்னும் சின்னக் குருவிகள்) கூட்டமாக வருகின்றன. காலை ஆறரைக்கு எவர்சில்வர் தட்டோடு மாடியில் காவல் நிற்கிறேன். கீழ்வீட்டு அக்கா ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டார்.