யூஸ்டன் சாலைக் குறிப்புகள்

பிப்ரவரி 9, திங்கள்

நாள் முந்திப் பிறந்த பேரனின் எடை 1,080 கிராம். நேற்றைவிட 20 குறைவு. முதலில் எடை இறங்கத்தான் செய்யும் என்கிறார் நர்ஸ். அவருக்குத் தெரியாததா? எனக்குத்தான் அந்த 20 தொண்டையில் நிற்கிறது.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பார்க்க ஒரு நேரத்தில் இரண்டு பேருக்குத்தான் அனுமதி. மகளும் மாப்பிள்ளையும் உள்ளே. நான் வெளியே லண்டன் யூஸ்டன் சாலையில் நடந்தேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்து ஓட்டலை எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிறார்கள். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் கண்ணுக்கு முதலில் பட்டது வேறு. பின்னால் இருக்கும் நிலையத்தின் நடைமேடை, தெருவைவிட ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. வடக்கே ரீஜண்ட் கால்வாய் குறுக்கே ஓடுவதுதான் காரணம். பக்கத்து கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்காரர்கள் கால்வாய்க்கு அடியில் புகுந்து வந்தார்கள். இந்த நிலையத்தைக் கட்டிய மிட்லண்ட் ரயில் கம்பெனி மேலே தாண்டி வந்தது. தாண்டிய வண்டி அந்த உயரத்திலேயே நின்றாக வேண்டும். கீழே மிஞ்சிய இடத்தை, பர்டன் என்ற ஊரிலிருந்து வந்த பீர் பீப்பாய்களுக்கு ஒதுக்கினார்கள். பொறியாளர் வில்லியம் பார்லோ தூண்களுக்கு இடையே 14 அடி 8 அங்குலம் விட்டது பீப்பாய்க் கணக்கில்தான்! 1868இல் அவர் போட்ட கூரை ஏறத்தாழ 240 அடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. அந்த வளைவின் கால்கள் அகன்றுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை நடைமேடைக்கு அடியில் ஓடும் உத்திரங்கள்.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். "அப்படியா மாமா" என்றார். கண் போனில் இருந்தது.

பிப்ரவரி 11, புதன்

1,060.

பிப்ரவரி 13, வெள்ளி

தூக்கமில்லை. குளியலறை விஷயம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் வரைந்த ஓட்டல் அது. செலவுக்குப் பயந்து ஒரு மாடியைக் குறைத்தும் இவ்வளவு பெரிது. 1873 மே 5 அன்று விருந்தினரை ஏற்கத் தொடங்கியது. (மே 5. ஸ்கேன் தாளில் எழுதியிருந்த பிரசவத் தேதியும் அதுதான்.) சுமார் 300 அறைகள், நீர் அழுத்தத்தில் ஏறி இறங்கும் லிஃப்ட், அறைக்கு அறை நிலக்கரிக் கணப்பு. ஆனால் அறையோடு சேர்ந்த குளியலறை இல்லை. வேலையாட்கள் தொட்டியைத் தூக்கி வந்து வைத்து, வெந்நீர் ஊற்றி, அழுக்குத் தண்ணீரைத் திரும்பச் சுமந்து போனார்கள். அந்தக் காலத்தில் யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை.

பிறகு வந்த ஓட்டல்கள் அறைக்கு அறை குழாய் வைத்தன. இங்கே முடியவில்லை. தீப்பிடிக்கக் கூடாதென்று தளங்களைத் தடித்த கான்கிரீட்டில் போட்டிருந்தார்கள். அதைக் குடைந்து குழாய் இறக்குவது யாரால் ஆகும்? 1899இல் வாசலில் சுழல் கதவு வைக்க முடிந்தது, மாடியில் குழாய் வைக்க முடியவில்லை. 1935இல் மூடிவிட்டார்கள். உறுதி என்று கட்டியதே உயிரை வாங்கிவிட்டது.

ஆக்சிஜன் குறைந்தால் மூளைக்கு ஆகாது, கூடினால் கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். எந்த எண்ணில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, சனி

மகள் பேசவில்லை. நானும்.

பிப்ரவரி 16, திங்கள்

இன்று என்னை உள்ளே விட்டார்கள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். இரண்டு முறை கழுவினேன். பாதம் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை. யாரோ பின்னிக் கொடுத்த மஞ்சள் தொப்பி புருவத்துக்கு இறங்கிக் கிடந்தது. இன்குபேட்டரின் வட்டத் துவாரம் வழியாகச் சுண்டுவிரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டான்.

ஓட்டல் பக்கம் போகவில்லை.

பிப்ரவரி 18, புதன்

1,105!

துணிந்து உள்ளே போனேன். வாயில்காரர் "குட் மார்னிங் சார்" என்று கதவைத் திறந்தார். என் குரங்குக் குல்லாவைக் கழற்றிக்கொண்டேன். வரவேற்புக் கூடம், முன்பு வாடகை வண்டிகள் வந்து நின்ற பாதை. பழைய டிக்கெட் கொடுக்கும் கூடம் இப்போது மது அருந்தும் இடம். அங்கே சுவரில் ரயில் தொழிலாளர்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பிரபுக்கள் வந்து போகும் இடத்தில் நம் ஆட்கள்! வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பணியாளர் என்ன வேண்டும் என்று கேட்டதும் வெளியே வந்துவிட்டேன்.

1960களில் இதை இடிக்கத் துடித்ததும் ரயில்வேதான். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றவர்கள் சண்டை போட்டு, 1967 நவம்பரில் முதல் தரப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்தார்கள்.

பிப்ரவரி 20, வெள்ளி

அங்கே போயிருக்கக் கூடாது. நிலையத்துக்குப் பின்னால், பழைய தேவாலயத்தின் இடுகாடு. தண்டவாளம் போட அதைத் தோண்டினார்கள். எலும்புகளை எடுப்பதை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்ட இளைஞன், பின்னாளில் நாவலாசிரியரான தாமஸ் ஹார்டி. கல்லறைக் கற்கள் நெருக்கியடித்துச் சூழ நின்ற மரம் 2022 டிசம்பரில் சாய்ந்துவிட்டது.

மகளிடம் நூலகத்தில் இருந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இரவில் இரண்டு முறை மூச்சு விட மறந்தானாம். "மறந்துவிடுகிறான், லேசாகத் தட்டினால் ஞாபகம் வந்துவிடுகிறது" என்றார் நர்ஸ், ஏதோ வீட்டுப்பாடத்தைச் சொல்வதுபோல.

பிப்ரவரி 23, திங்கள்

கடிகாரம். 1970களில் நிலையத்தின் பெரிய கடிகாரத்தை ஓர் அமெரிக்கருக்கு விற்றார்கள். இறக்கும்போது கை நழுவிச் சுக்குநூறானது. ரயில்வே கார்டு ஒருவர் 25 பவுண்டு கொடுத்து அந்தத் துண்டுகளை வாங்கி, நாட்டிங்ஹாம்ஷயரில் தன் கொட்டகைச் சுவரில் ஒட்டவைத்து ஓடவும் வைத்துவிட்டார்.

கார்டுகளை எனக்குத் தெரியும். விசில், கொடி, விளக்கு, டிபன் பெட்டி, ஒன்றையும் தொலைக்கமாட்டார்கள். அத்தனை துண்டையும் எத்தனை நடையில் சுமந்திருப்பார்? வீட்டில் அவர் மனைவி என்ன சொல்லியிருப்பார்? ஒரு துண்டு குறைந்திருந்தால்?

இப்போது நிலையத்தில் இருப்பது டென்ட் என்ற கடிகாரக் கம்பெனி செய்த நகல். பத்து நிமிடம் அதன் அடியில் நின்று என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். என்னுடையது ஒரு நிமிடம் பின்தங்கியிருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

1,190. ஓட்டலின் மறுதிறப்பு விழாவையும் மே 5 அன்றுதான் நடத்தியிருக்கிறார்கள், 2011இல். மகளிடம் சொன்னேன். "போதும்ப்பா, நாள் எண்ணாதீர்கள்" என்றாள்.

பிப்ரவரி 25, புதன்

நாளை காலை பத்து மணிக்கு மூச்சுக்காக வைத்திருக்கும் குழாயை எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். கடிகாரத்தடியில் இருப்பேன், போன் செய்யுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.