வாழைப்பழ வளைவு

இன்று காலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்த ரத்த ஸ்லைடில் சிக்கியது. ஆயில் லென்ஸின் கீழே வாழைப்பழம்போல் வளைந்த ஓர் உரு, நடுவில் பழுப்புத் துகள்கள்.

மலேரியா ஒட்டுண்ணியான ஃபால்சிபாரத்தின் கேமிட்டோசைட். கொசுவுக்குள் போகக் காத்திருக்கும் பருவம்.



சிம்பன்சி ரத்தத்தில் வாழும் ரைக்கனோவி என்ற ஒட்டுண்ணிக்கும் இதே வளைவு உண்டு. அதனால் அதுதான் இதற்கு மிக நெருங்கிய சொந்தம் என்று நெடுநாள் நம்பினார்கள்.

2010-ல் அது மாறியது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் சேகரித்த ஏறத்தாழ 3,000 வாலில்லாக் குரங்குச் சாண மாதிரிகளில் ஒட்டுண்ணியின் டிஎன்ஏவைத் தேடினார்கள். நெருங்கிய சொந்தம் மேற்கத்திய கொரில்லாவிடம் இருந்தது. ஒரு விலங்கையும் ஊசியால் குத்தாமல், வெறும் சாணத்திலிருந்து கிடைத்த விடை! எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்கவில்லை.

கொரில்லாவிலிருந்து மனிதனுக்குத் தாவி வந்தது மிகச் சிறிய கூட்டம். அதனால்தான் ஃபால்சிபாரத்தின் மரபணு வேறுபாடு சிம்பன்சி ஒட்டுண்ணிகளில் இருப்பதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு குறைவு.

ஆனால் வார் (var) ஜீன்களில், அதாவது ஒட்டுண்ணி புகுந்த ரத்த அணுவின் மேல் தெரியும் புரதத்தைச் செய்யும் மரபணுக்களில், கதையே வேறு: வேறுபாடு ஏராளம். ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் சுமார் 60. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். நம் உடல் அந்தப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து முடிப்பதற்குள் வேறொன்றுக்கு மாறிவிடும்.

இரண்டு வகை ஃபால்சிபாரம் ஒரே கொசுவுக்குள் போனால், சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல் புதுச் சேர்க்கைகள் பிறக்கும். அந்தக் கலவைக்குப் போகும் பருவம்தான் இந்த வளைந்த உரு. ஆர்ட்டிமிசினின் கூட்டுமருந்தோடு ஒரே ஒரு வேளை ப்ரைமாகுயின் கொடுப்பது இதைக் கொல்லத்தான்.