வெள்ளைக்கல்லும் நூறு கிலோவும்

சேலம் ஜங்ஷனைத் தாண்டி வடக்கே போகும் ரயில் பாதையில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. ஒன்பது வயதில் அப்பாவுடன் அந்த வழியாகப் போனபோது, ஊர்ப் பெயர் மாதிரியே இல்லாத அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டேன். அப்பா தூரத்தில் வெளுத்துத் தெரிந்த மேடுகளைக் காட்டி, "அந்த வெள்ளைக்கல்லுக்கு அதுதான் பேரு கண்ணு" என்றார். சில நாட்களில் வெள்ளக்கல்பட்டியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கைப்பிடி அளவில் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்றும் என் மேசையில் இருக்கிறது. அதன் பிறகு சேர்ந்த கற்கள் ஓர் அலமாரியை நிரப்பிவிட்டன. ஒவ்வொரு கல்லிலும் எடுத்த இடமும் தேதியும் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும்.

எனக்கு இப்போது 42 வயது. மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பிக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் அதிகாலையில் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறேன். சென்ற தை மாதத்தில், 60 கிலோ எடையுள்ள நான், 100 கிலோவைத் தரையிலிருந்து எடுத்து நிமிர்ந்து நின்றேன்; டெட்லிஃப்ட் என்பது அதுதான். கல் சேர்ப்பவள் என்று என்னை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் நம்புவதில்லை. ஜிம்மில் அறிந்தவர்களோ நான் பூதக்கண்ணாடியுடன் மலைச்சரிவில் உட்கார்ந்திருப்பேன் என்றால் சிரிக்கிறார்கள். எனக்கு இவை இரண்டும் ஒரே வேலைதான். அது எப்படி என்று எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

பள்ளியில் என் பட்டப்பெயர் சோடாபுட்டி. ஏழாம் வகுப்பில் ஆண்டு விழா ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, விளையாட்டு ஆசிரியர் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "நீ படிக்கிற புள்ளை, உனக்கு எதுக்கும்மா ஓட்டம், போய் மரத்தடியில் உட்கார்ந்து எல்லார் பையையும் பார்த்துக்கோ" என்று அனுப்பிவிட்டார். அவர் அதை அன்பாகத்தான் சொன்னார், அதனாலேயே அது ஆழமாக இறங்கியது. திட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். அன்பாகச் சொன்னதால் நம்பிவிட்டேன். படிப்பு ஒருவகை மனிதருக்கும் உடல் வேறுவகை மனிதருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டிருப்பதாகவும், என் பங்கு எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாகவும் எண்ணிக்கொண்டு இருபத்தைந்து ஆண்டுகள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்தது கற்களால்தான். ஐந்தாண்டுகளுக்கு முன் சேர்வராயன் கோயில் பக்கத்திலிருந்து பை நிறையக் கற்களைச் சுமந்து இறங்கியபோது முழங்கால் பிடித்துக்கொண்டது. தொடைத் தசை வலுவாக இல்லாததால் முழுச் சுமையும் மூட்டில் விழுகிறது என்று மருத்துவர் விளக்கினார். முதலில் சேர்ந்த ஜிம்மில் என்னை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டு, எடைப் பகுதி பெண்களுக்குத் தேவைப்படாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்து அங்கிருந்து விலகினேன். பிறகு கண்ணங்குறிச்சி பக்கம் ஒரு சந்துக்குள், கண்ணாடியும் பாட்டும் இல்லாத ஒரு சிறிய கூடத்தைக் கண்டேன். அங்கிருந்த மாஸ்டர் என் தொழிலையும் வயதையும் கேட்கவில்லை. எடைத் தட்டு மாட்டாத வெறும் இரும்புப் பாரைக் கையில் கொடுத்து, "குனிஞ்சு எடுத்துக் காட்டுங்க மேடம், முதுகைப் பார்க்கணும்" என்றார்.

அந்த வெறும் பார் 20 கிலோ. அதிலிருந்து 100 கிலோ வரை எப்படி வந்தேன் என்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் சாட்சி. ஆய்வகப் பதிவேடு எழுதும் பழக்கத்தில், தூக்கிய எடை, எத்தனை முறை, எத்தனை மணி நேரம் தூங்கினேன், முந்தைய நாள் என்ன சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் குறித்து வந்தேன். முதல் எட்டு வாரங்களில் எடை வேகமாக ஏறியது. தசை அதற்குள் பெருத்துவிடவில்லை. இருக்கும் தசை நார்களை ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் தொடக்கத்தில் வலிமை அப்படித்தான் கூடும் என்று படித்துத் தெரிந்துகொண்டபோது, வகுப்பில் ஒரு சமன்பாடு சமனாகும் தருணத்தில் வரும் அதே மகிழ்ச்சி வந்தது. ஐந்து முறை தூக்கிய எடையிலிருந்து ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையைக் கணிக்க எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு: தூக்கிய முறைகளை 30ஆல் வகுத்து, அதனுடன் 1 கூட்டி, எடையால் பெருக்க வேண்டும். 80 கிலோவை ஐந்து முறை தூக்கினால் 93 கிலோ சொச்சம். சனிக்கிழமைதோறும் இந்தக் கணக்கைப் போட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

70 கிலோவில் அந்தப் புள்ளிகள் ஏழு வாரம் தரையோடு படுத்துவிட்டன. வயதாகிவிட்டது என்று கூடத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது: அந்த ஏழு வாரமும் அரையாண்டு விடைத்தாள்கள் திருத்திய நாட்கள், ஒரு வாரத்தில்கூடச் சராசரித் தூக்கம் ஐந்தரை மணி நேரத்தைத் தாண்டவில்லை. தாள்களை மாலையிலேயே திருத்தி முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கத் தொடங்கினேன். மூன்றாவது வாரத்தில் 75 கிலோ வந்தது. பூதக்கண்ணாடி பிடித்துப் பழகிய கண் இல்லாமல் இருந்திருந்தால் நானும் வயதின் மேல் பழியைப் போட்டுவிட்டு நின்றிருப்பேன்.

80 கிலோவைத் தாண்டியதும் பிடி நழுவத் தொடங்கியது. மாஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைப் பொடியை என் உள்ளங்கையில் தட்டினார். சாக் என்றுதான் எல்லோரும் அதைச் சொல்கிறார்கள். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன்; கரும்பலகைச் சுண்ணாம்புக்கட்டியின் நறநறப்பு இல்லை, அரிசி மாவைவிட மென்மையாக வழுக்கிப் பிறகு சட்டென்று தோலை உலர்த்திப் பிடித்துக்கொண்டது. டப்பாவின் அடியில் இருந்த சிறிய எழுத்தைப் படித்தேன். மெக்னீசியம் கார்பனேட்டு. என் மேசை மேல் முப்பத்து மூன்று ஆண்டுகளாக இருக்கும் கல்லும் அதேதான்.

அன்று பார் முன்னால் நின்றபடி சில நிமிடம் அசையவில்லை. சேலத்தின் இந்த வெள்ளை மேடுகளை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணாம்புக் குன்றுகள் என்று அழைத்தார்கள். சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட்டு; இங்கே இருப்பது பூமியின் ஆழத்திலிருந்து வந்த மெக்னீசியம் மிகுந்த கரும்பாறை, கரியமில வாயு கலந்த நீரால் சிதைந்து, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்புகளாகப் படிந்த மேக்னசைட். நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. ஜிம் பொடிக்கும் அதே கதை. ஆனால் உள்ளே இருப்பது வேறு என்பதால் குணமும் வேறு: இந்தக் கல்லை உயர் வெப்பத்தில் சுட்டால் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது, அதனால்தான் எஃகு உலைகளின் உட்சுவருக்கு இதிலிருந்து செங்கல் செய்கிறார்கள். கண்ணாடியைப் பார்த்து எனக்குப் பெயர் வைத்தவர்களை நான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன், கோபமில்லாமல்.

இந்தப் பொடியை ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்திலிருந்து பாறையேற்றத்துக்குக் கொண்டுபோனவர் யார் என்று தேடியபோது ஜான் கில் என்ற அமெரிக்கரின் பெயர் கிடைத்தது. 1937இல் பிறந்தவர், 1950களில் இதைப் பாறைகளில் பயன்படுத்தத் தொடங்கினார். கயிறில்லாமல் குட்டையான பாறைகளில் மிகக் கடினமான ஏற்றங்களைச் செய்யும் பௌல்டரிங்கைத் தனி விளையாட்டாக வளர்த்ததில் முதன்மையானவர், ஒற்றைக் கையில் தொங்கியபடி உடலைக் கிடைமட்டமாக நிறுத்தக்கூடியவர். தொழிலால் கணிதப் பேராசிரியர், ஆய்வு செய்தது தொடர் பின்னங்களில். கணினி அறிவியலுக்கு அடித்தளமிட்ட ஆலன் டூரிங் 1947இல் மாரத்தானை 2 மணி 46 நிமிடம் 3 விநாடியில் ஓடினார். மறு ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவரைவிட அது சுமார் 11 நிமிடம்தான் அதிகம். இவர்களை விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பாறையில் கை வைக்கும் இடத்தைப் பல நாள் யோசிப்பதும், ஒரு தேற்றத்தில் அடுத்த படியைப் பல நாள் யோசிப்பதும் ஒரே பொறுமையிலிருந்து வருபவை.

ஞாயிற்றுக்கிழமை எடை இல்லை, மலை. ஏற்காடு அடிவாரத்தில் ஐந்து மணிக்கெல்லாம் ஓடத் தொடங்கினால் வண்டிகள் வருவதற்குள் பாதி வளைவுகளைக் கடந்துவிடலாம். இருபது கொண்டை ஊசி வளைவுகள், சுமார் 20 கிலோமீட்டர், ஏறத்தாழ 1,100 மீட்டர் ஏற்றம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயர்வு. முதல் முறை எட்டாவது வளைவில் உட்கார்ந்துவிட்டேன். அன்று அங்கே மூச்சு வாங்கியபடி ஒரு கணக்குப் போட்டேன். 60 கிலோ உடலை 1,100 மீட்டர் உயர்த்துவதற்கான வேலை சுமார் 6,47,000 ஜூல். 100 கிலோவை அரை மீட்டர் தூக்க 490 ஜூல். அப்படியென்றால் மலையேற்றம் ஒன்று, 100 கிலோவை 1,320 தடவை தூக்குவதற்குச் சமம். அப்போது 100 கிலோ எனக்குக் கனவிலும் இல்லை. மலையைக் கால்கள் ஏறும் என்றால் அந்த எடையையும் ஒருநாள் தூக்கும் என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் முதன்முதலாக நம்பினேன்.

வளைவுகளில் சாலைக்காக வெட்டிய பாறைமுகங்கள்தான் என் ஓய்விடங்கள். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. உடைத்த முகத்தில் எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பும் பச்சை கலந்த கருமையும் இருக்கும். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையை மூடியிருந்த கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரைக் கொடுத்தார். அந்தக் கல்லே சென்னைப் பக்கத்திலிருந்து போனதுதான். நம் மலையின் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. மூச்சு இரைக்க, வியர்வைக் கையை அந்தக் குளிர்ந்த முகத்தில் வைத்து நிற்கும்போது எனக்குக் கிடைப்பதை, காரில் வந்து இறங்கிப் பார்த்த காலங்களில் நான் பெற்றதே இல்லை. ஏரியை அடையும்போது காற்றழுத்தம் சேலத்தைவிடச் சுமார் 12 சதவீதம் குறைந்திருக்கும். அதைப் பாடப்புத்தகத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். கடைசி மூன்று வளைவுகளில் நுரையீரல் அதை வேறு மொழியில் சொல்கிறது.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் கவலை. "கல்லைப் பொறுக்கறது பத்தாதுன்னு இரும்பையும் தூக்கணுமா கண்ணு" என்பார். கேட்டுக்கொண்டே, இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை மறந்துவிட்டு, புரதம் வேண்டும் என்று நான் சொன்னதற்காக வாரம் மூன்று நாள் கொள்ளுப் பருப்பு கடைகிறார்.

இதுவரை மற்றவர்கள் எனக்கு ஒட்டிய சீட்டைப் பற்றியே எழுதினேன். நானும் ஒருவருக்கு ஒட்டியிருந்தேன். எங்கள் கூடத்தில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்யும் ஓர் இளைஞர் 180 கிலோ தூக்குவார். மூன்றாண்டுகளில் அவரிடம் நான் பேசியதெல்லாம், "தம்பி, அந்த பிளேட்டைக் கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா" என்பதுதான். உடலே உலகம் என்று வாழ்பவர், வேறு என்ன பேச இருக்கிறது என்று முடிவு கட்டியிருந்தேன். என்னை மரத்தடிக்கு அனுப்பிய ஆசிரியர் செய்த அதே தவறு.

போன மாதம் ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைக்கல்லை நீட்டினார். "எங்கப்பா குவாரியில இருந்தாருங்க டீச்சர். சாக் பொடியும் இதுவும் ஒண்ணுன்னு மாஸ்டர்கிட்டச் சொன்னீங்களாமே, நெசமா?" அவருடைய டிபன் டப்பாவில் அவித்த முட்டைகள் இருந்தன. பக்கத்துக் கடையில் வினிகர் வாங்கிவரச் சொல்லி, ஒரு மூடியில் முட்டை ஓட்டையும் இன்னொன்றில் கல் துணுக்கையும் போட்டு ஊற்றினேன். முட்டை ஓட்டில் உடனே குமிழிகள் அடர்ந்து ஏறின, ஏனென்றால் அது கால்சியம் கார்பனேட்டு. கல் சும்மா கிடந்தது. அவர் பெஞ்சின் மேல் குனிந்து, மூக்கு மூடியில் படும் அளவுக்கு நெருங்கி, நீண்ட நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ரெண்டும் கார்பனேட்டுன்னா இது ஏன் சும்மா இருக்கு? பொடி பண்ணிச் சூடு பண்ணினா மாறுமா?" என்று கேட்டார்.

பதினேழு ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். இந்தக் கேள்வியை மாணவர் எவரும் என்னிடம் கேட்டதில்லை. மறுநாள் ஆய்வகத்தில் அதே கல்லைப் பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கி, நுரை பொங்குவதைக் கைப்பேசியில் படம் பிடித்து அவருக்கு அனுப்பினேன். இரவு பதினொரு மணிக்குப் பதில் வந்தது: கஞ்சமலையில் காந்தம் ஒட்டும் கல் இருக்கிறதாமே, ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓடப் போகலாமா, பட்டறையிலிருந்து ஒரு காந்தம் எடுத்துவரட்டுமா. எடுத்துவாருங்கள், மேக்னடைட் அங்கே நிறைய இருக்கிறது, ஆனால் திங்கட்கிழமை டெட்லிஃப்ட் நாள் என்பதால் இறங்கும்போது பையில் ஐந்து கிலோவுக்கு மேல் சேர்க்க வேண்டாம் என்று எழுதினேன்.