துணியா, புளியா?

ரசம் வைத்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏனுங்க, அந்தப் புளியை எடுத்துட்டு வாங்க" என்றாள். நான் மொட்டை மாடிக்குப் போய், கொடியில் காய்ந்த துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து நின்றேன். அவள் பார்த்த பார்வையில்தான் காது டாக்டரிடம் போவது என்று முடிவானது.

கோவையில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருடம், நூல் நூற்கும் ரிங் பிரேம் மிஷின்களின் இரைச்சலுக்கு நடுவே மெயின்டனன்ஸ் பார்த்த காது இது. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான் பாதுகாப்பு. சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, பீப் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்தான் ஆடியோகிராம். அதில் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து, அப்புறம் சரிந்து, 4000-இல் 60 டெசிபெல்லுக்குக் குழி விழுந்து (அவ்வளவு சத்தம் வைத்தால்தான் அங்கே கேட்கும்), 8000-இல் கொஞ்சம் ஏறியது. இரைச்சலில் கெட்ட காதுக்கு இந்தக் குழிதான் அடையாளமாம். உயிரெழுத்துகளின் பலம் கீழ் அதிர்வெண்ணில் இருப்பதால் அவை கேட்டுவிடும். சகர, தகரத்தைப் பிரித்துக் காட்டும் மெல்லிய சத்தம் மேலே இருக்கிறது. கடை, தடை, படை, சடை எல்லாமே எனக்கு அடைதான்.

டாக்டரிடம் போவதற்கு முன்பே ஒரு தப்பு செய்திருந்தேன். ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு 'காது மிஷின்' வாங்கினேன். அது வெறும் ஆம்ப்ளிஃபயர். புளியையும் பெரிதாக்கும், குக்கர் விசிலையும் அதே அளவுக்குப் பெரிதாக்கும். எங்களைப் போன்ற காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ மற்றவர்களைப் போலவே அறையும். மெல்லியதை நிறையத் தூக்கி, பெரியதைக் கொஞ்சமாகத் தூக்க வேண்டும், அதுவும் ஆடியோகிராமில் எங்கே குழியோ அங்கே. நல்ல மிஷினுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்தக் கணக்குக்குத்தான்.

போன வருடம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். மாப்பிள்ளை, ஆப்பிள் கம்பெனியின் வயரில்லாத இயர்போனான ஏர்பாட்ஸ் ப்ரோ 2 ஒன்றைக் கையில் வைத்தார். 249 டாலர். 2024 செப்டம்பரில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., இதைக் காது மிஷினாக மாற்றும் மென்பொருளுக்கு அனுமதி கொடுத்திருந்தது. 18 வயது நிறைந்தவர்களுக்கு, லேசான அல்லது மிதமான குறைபாட்டுக்கு மட்டும். ஐபோனிலேயே ஐந்து நிமிட டெஸ்ட். அதில் வந்த கோடும் கோவையில் வந்த கோடும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எனக்கே ஆச்சரியம்.

பேத்தி பேசியது கேட்டது. 'த்தா' என்று அவள் சொல்வதில் த் கேட்டது. அதற்காகவே அந்தக் கம்பெனிக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஐந்தாறு மணி நேரத்தில் சார்ஜ் இறங்கிவிடும். காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டோடு சரி. காதை அடைத்துக்கொள்வதால் என் குரல் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது, முறுக்கு தின்றால் கல் உடைக்கும் சத்தம். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கோயிலில் தீர்த்தத்துக்குக் கை நீட்டினேன். அர்ச்சகர் என் காதைப் பார்த்துவிட்டு, "பேசிட்டு வாங்கோ" என்று அடுத்தவருக்கு நகர்ந்துவிட்டார். நான் போனில் இருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார். அப்புறம்தான் கவனித்தேன், மகள் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருமே என் காதில் வெள்ளைக் குச்சியைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பவரிடம்தான் பேசுகிறார்கள். நன்றாகக் கேட்பதற்காக நான் போட்டது, இந்த ஆளுக்கு நம் பேச்சு வேண்டாம் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது!

திரும்பி வந்து, காதுக்குப் பின்னால் உட்காரும் நிஜ மிஷினே வாங்கினேன், ஜோடி 90 ஆயிரத்துச் சொச்சம். காதுக்குள் போகும் ரப்பர் குடையில் ஓட்டைகள் இருப்பதால் அடைப்பு இல்லை, என் குரல் என் குரலாகவே இருக்கிறது. பழுப்புநிற ஸ்டிக்கர் ஒட்டிய 312 பட்டன் பேட்டரி. ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும், அவசரப்படக் கூடாது. ஒரு வாரம் வரும். முதல் இரண்டு வாரம் பேப்பர் புரட்டும் சத்தமே எரிச்சல். மறுபடி போய் இரண்டு தடவை சரிசெய்த பிறகு பழகியது.

மில் நண்பர்கள் எது வாங்கலாம் என்று கேட்கிறார்கள். டிவிக்கும் போனுக்கும் மட்டும் கஷ்டம் என்றால் நல்ல ஹெட்போனே போதும். மனிதர்களோடு கஷ்டம் என்றால் மிஷின். ஒரே நாளில் திடீரென்று ஒரு காது அடைத்தால் இரண்டையும் விடுங்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அதில் நாள் கடத்தினால் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

ஏர்பாட்ஸை நான் தூக்கிப் போடவில்லை. ரயிலில் கிரிக்கெட் கமென்ட்ரி கேட்க அதற்கு ஈடு இல்லை. அதைப் போடும்போது மிஷின் சட்டைப்பைக்குப் போகும், மிஷினைப் போடும்போது அது போகும். சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்குவதற்கு முன்னால் என் மனைவி இப்போதெல்லாம் பையை இரண்டு தடவை தடவிப் பார்க்கிறாள்.